பாலத்தில் ஒன்று விழுந்தால்

பிப்ரவரி 15, 1993. திங்கள்

இதழ் கடைகளுக்குப் போய் நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் தபால் கட்டுக் கட்டாக வந்துவிட்டது. சிக்ஸ்டன் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டை என் மேசையில் போட்டான்.

"படி தாயே, படி. நீ பெத்த பிள்ளையை ஊரே எடுத்துக் கொஞ்சுது."

பத்திரிகை அவனுடையது. ஆசிரியர் நாற்காலியை மட்டும்தான் போன வருஷம் எனக்குத் தந்தான். கேலியைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் விளையாட்டுப் பத்திரிகை ‘கறுப்புப் பகடை’க்கு வழக்கமாக வரும் கடிதங்களை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். கோட்டை வரைபடத்தில் ஒரு வாசல் குறைகிறது, பூத விதிகள் போன வருஷத்தோடு ஒத்துப்போகவில்லை, அட்டைப்படத்துப் பெண்ணுக்குச் சட்டை எங்கே - இப்படி. இன்றைக்கு வந்த எல்லாமே ஒரே விஷயம். வில்டானா எழுதிய விளையாட்டுக் கதை ‘பாலத்துக்கு அப்பால் தண்ணீர்’.

அவள் கதை ரொம்ப எளிது. முற்றுகையிடப்பட்ட நகரம். விளையாடுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள். உள்ளே தண்ணீர் தீர்ந்துவிட்டது. தினமும் யாராவது ஒருவர் பாலத்தைத் தாண்டிப்போய் எடுத்துவர வேண்டும். போகிறவர் பகடையை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் அவர் திரும்பி வருவதில்லை. வாள், கவசம், மந்திரம் எதுவும் உதவாது. யாரும் ஜெயிப்பதில்லை. வீட்டில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

"ஆறு வருஷமாக நான் வளர்த்த மாவீரன் ஒரு வாளி தண்ணீருக்காகச் செத்தான். பணத்தைத் திருப்பித் தரவும்."

"36-ஆம் பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. வேகமாக ஓடுகிறவனுக்கு எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும்?"

இரண்டாவது கேள்வியை நானும்தான் கேட்டேன், டிசம்பரில், அவளுடைய ஆங்கிலத்தை ஸ்வீடிஷில் பெயர்க்கும்போது. ஓடினால் கொஞ்சமாவது உதவக்கூடாதா என்றேன். "ஓடினா உதவும்னு உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டாள். கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரி.

பிப்ரவரி 18

வில்டானா இருக்கும் அகதிகள் முகாமுக்குப் போனேன். கடிதங்களை அவளிடம் காட்டலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் முழு வழியும் யோசனை. காட்டுக்குள்ளே பழைய விடுமுறை விடுதி. இப்போது ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம். வில்டானா மட்டும் தனி ஆள். போஸ்னியாவில் போர் முற்றுகைக்குள் சிக்கிய சரயேவோவில் மின்பொறியியல் முடிக்க ஒரு வருஷம் பாக்கி. அங்கே மாணவர் விடுதியில் இந்த மாதிரிப் பகடை விளையாட்டை வாராவாரம் நடத்தினவள். நவம்பரில் ஒரு பஸ்ஸில் இடம் கிடைத்து வெளியே வந்தாள். அம்மா ஏற மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாக் கடிதங்களையும் படித்தாள். நான் காபியை ஆறவிட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரித்தாள்!

"இங்கெலா, இத்தனை பேர் படிச்சிருக்காங்களா?"

"படிச்சிட்டுத் திட்டுறாங்க."

"நல்லாத் திட்டுறாங்க. அந்தப் பாலத்துல எத்தனை பேர் போனாங்க தெரியுமா? ஒருத்தர் போறப்பகூட உலகத்துல எவனும் இந்த அளவுக்குக் கோபப்படல. இப்போ பாரு, பூரோஸ்ல ஒருத்தன் ரெண்டு பக்கத்துக்குக் கோபப்பட்டிருக்கான்."

அந்தக் கடிதத்தை மட்டும் தானே வைத்துக்கொள்கிறேன் என்றாள். கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 23, செவ்வாய்

எல்லோரும் கிரீம் பன் தின்கிற நாள். வாங்கிவைத்தது அப்படியே பெட்டியில் இருக்கிறது.

காலையில் ஃபோன். எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும். வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. இந்தத் தடவை குரல் வந்தது, சின்ன வயசுக் குரல், மரியாதையாகவே பேசியது.

"உங்க பத்திரிகையில எழுதியிருக்காங்களே, அந்த முகாம் அம்மா. எந்த முகாம்?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா. நேர்ல பாத்துப் பேசலாம்னு."

இதழில் அவள் பெயரும், அகதி முகாமில் இருக்கிறாள் என்பதும் மட்டும்தான் இருக்கிறது. பெயரோடு இன்னொரு வரியும் இருக்கிறதே - "ஈஸ்டர் விளையாட்டுக் கூடலில் எழுதியவரே நடத்துவார், ஓரெப்ரோ." தேதி, பள்ளிக்கூடத்தின் பெயர், எல்லாம். நான்தான் ஆசையாகப் போட்டேன்.

மதியம் இன்னொரு இடி. பின்னட்டை விளம்பரம் தருகிற கடைக்காரர் இனி தரமாட்டாராம். "பொழுதுபோக்குக்கு வர்ற பசங்க, அழுதுட்டுப் போறாங்க" என்றாராம். சிக்ஸ்டன் என் எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"அடுத்த இதழ்ல அரைப் பக்கம் மன்னிப்புப் போடு. ஒரு விதியையும் சேத்துக் குடு. ஓடத் தெரிஞ்சவனுக்கு ரெண்டு கூட்டிக்கலாம்னு. முடிஞ்சுபோச்சு."

"எதுக்கு மன்னிப்பு?"

"எதுக்கோ. மன்னிப்புக்குக் காரணமா முக்கியம்? பதினோரு வருஷமா இந்தப் பத்திரிகையை நான் தூக்கிச் சுமக்கறேன், இங்கெலா. ஒரே இதழ்ல நீ இதைக் கவுத்துடாத."

கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே.

மார்ச் 3

அலுவலக ஜன்னல் உடைந்திருக்கிறது. கல். நான் கதவைத் திறந்தபோது கண்ணாடித் தூளெல்லாம் தட்டச்சுப் பொறியின் மேல், பனிக்காற்று உள்ளே. கீழே சைக்கிள் கடை சுவரில் கறுப்புப் பெயிண்ட்டில் "வீட்டுக்குப் போ."

யார் வீட்டுக்கு? சைக்கிள் கடைக்காரர் பிறந்ததே இந்தத் தெருவில்தான்.

போலீஸ்காரர் வந்தார். நல்ல மனுஷர். எழுதிக்கொண்டே கேட்டார், "இது என்ன விளையாட்டுங்க, இதுக்கெல்லாம் கல் எறியுற அளவுக்கு?" சொன்னேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொருவராக மாறி, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப இவங்க ஆத்திரம் விளையாட்டு மேல இல்ல" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 4

சிக்ஸ்டன் கண்ணாடித் தூளைப் பெருக்கினான். ஜன்னலுக்கு அட்டை அடித்தான்.

மார்ச் 11, வியாழன்

சாயங்காலம்தான் எழுத உட்கார முடிந்தது.

காலையில் தனியாக இருந்தேன். படியில் கனமான காலடி. கதவு நிறைய ஓர் ஆள். மொட்டையாக வெட்டிய தலை, எண்ணெய்க் கறை படிந்த ஜாக்கெட், கையில் சுருட்டிய நம் இதழ். சுருட்டியிருந்த விதம் பத்திரிகை மாதிரி இல்லை, தடி மாதிரி.

"வில்டானா யாரு?"

"இங்க இல்ல."

"இங்க இல்லன்னு தெரியுது. எங்க இருக்காங்க?"

"ஊரை விட்டுப் போயிட்டாங்க." வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எந்த ஊருக்கு?"

அவன் என் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான். "பாருங்க, எனக்கு அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் கேக்காமப் போகமாட்டேன்."

அப்போது சிக்ஸ்டன் உள்ளே வந்தான். கையில் சைக்கிள் பம்ப்! கீழே கடையில் அந்த ஆள் என் பெயரைச் சொல்லி விசாரித்ததைக் கேட்டுவிட்டு, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். அந்த ஆள் பம்பைப் பார்த்தான், சிக்ஸ்டனைப் பார்த்தான்.

"காத்து அடிக்கவா, என்னை அடிக்கவா?"

"அது உங்க கையில இருக்கு" என்றான் சிக்ஸ்டன். குரல் கீச்சென்று வந்தது, பாவம்.

அந்த ஆள் போய்விட்டான். போகும்போது, "என் பேர் டோர்கெல். கும்லாவுல லாரி ஓட்டுறேன். ஈஸ்டருக்கு வர்றாங்கன்னு போட்டிருக்கீங்க இல்ல, அங்க பாத்துக்கறேன்" என்றான்.

பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு மிரட்டுகிறவன் உண்டா? இருக்கலாம். எனக்கு என்ன தெரியும்.

மார்ச் 14

ஈஸ்டர் நிகழ்ச்சியை ரத்து செய்கிறேன் என்று வில்டானாவிடம் சொன்னேன். கல், ஃபோன், டோர்கெல், எல்லாம் சொன்னேன். துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எங்க நடக்குது?"

"பள்ளிக்கூடத்துல. எட்டாம் வகுப்பு அறை."

"சரயேவோவுல இருந்து வந்தவளை ஒரு எட்டாம் கிளாஸைக் காட்டிப் பயமுறுத்துறியே, நியாயமா?"

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

"நானும்தான்." துணியை உதறினாள். "நான் வர்றேன். நீ பயந்தா வீட்டுல இரு."

ஏப்ரல் 5

அடுத்த இதழ் அச்சுக்குப் போகவேண்டிய நாள் நேற்று. மன்னிப்புக்கு என்று அரைப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. சிக்ஸ்டன் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறோம்.

ஏப்ரல் 8, பெரிய வியாழன்

அழைப்பு மணி அடித்தது. சமையலறையில் அப்படியே உறைந்து நின்றேன். மறுபடி அடித்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் - முக்காடும் கன்னத்தில் சிவப்புச் சாயமுமாக நாலு குட்டிச் சூனியக்காரிகள், மிட்டாய் கேட்டு. ஈஸ்டர் வேஷம். மறந்தே போயிருந்தேன். இருந்த சாக்லேட்டையெல்லாம் கொட்டிவிட்டேன். ஒருத்தி, "ஏன் அத்தை அழுறீங்க?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 10, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பள்ளிக்கூடம் முழுக்கக் கூட்டம். வாசலில் சிக்ஸ்டன் நின்றான். வருகிறவர்களை வரவேற்பதாகச் சாக்கு. எட்டாம் வகுப்பு அறையில் வில்டானா ஒரு மேசையும் நாலு நாற்காலியும் போட்டு, நடுவில் ஒரு பகடையும் ஒரு காலி பிளாஸ்டிக் கேனும் வைத்திருந்தாள். நான் சுவரோரம். விளையாடப் பெயர் கொடுத்தவர்கள் மூன்று பேர்தான். கார்ல்ஸ்டாட்டில் படிக்கிற ஒரு பெண், கண்ணாடி போட்ட நூலகர் ஒருவர், அப்புறம் -

டோர்கெல் வந்து உட்கார்ந்தான். நாற்காலி முனகியது.

வில்டானாவுக்கு நான் கண் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை.

"நீங்கதான் வில்டானாவா?" என்றான்.

"ஆமா."

"என் வீரன் செத்துட்டான். ஆறு வருஷம் ஆடின ஆளு. முதல் நாள், முதல் உருட்டு."

"தெரியும். கடிதம் எழுதினீங்களா?"

"பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன்." கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "அது இல்ல இப்போ. எனக்கு ஒண்ணு தெரியணும். ஆறுல ஒண்ணுன்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க? எங்க கூட்டத்துல எல்லாரும் சொல்றாங்க, இது அநியாயம், இருபதுல ஒண்ணுன்னு இருக்கணும்னு. எதை வெச்சு ஆறு?"

இதைக் கேட்கத்தானா அன்றைக்கு அப்படி வந்து நின்றான்?

வில்டானா பகடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "எங்க மாடிப்படியில ஆறு பேர் தண்ணிக்குப் போவோம். ஒருத்தர் திரும்பி வரல. அதுக்கு மேல எனக்குக் கணக்குத் தெரியாது."

நூலகர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

ஆரம்பித்தார்கள். நூலகருக்கு வில்டானாவின் கதையில் நாலாம் மாடியில் வரும் வயதான அம்மாள் வேஷம். யார் சொன்னாலும் கேட்காத பிடிவாதக்காரி. கார்ல்ஸ்டாட் பெண் ஒரு தையல்காரி. டோர்கெல் ரொட்டி சுடுகிறவன். முதல் நாள் யார் போவது என்பதிலேயே பெரிய விவாதம். தையல்காரி தானாகப் போனாள். அஞ்சு விழுந்தது. தண்ணீர் வந்தது. அடுத்த நாள் டோர்கெல் நான் போகமாட்டேன் என்றான். கை கட்டிக்கொண்டான். "தாகமா இருந்தா இருந்துட்டுப் போறேன்." சரி என்று மறுபடி தையல்காரி கேனை எடுத்தாள்.

"நீ நேத்துப் போயிட்ட. உக்காரு" என்று அவள் கையிலிருந்து கேனைப் பிடுங்கினான்.

பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உருட்டவில்லை. அவன் காது சிவந்தது. உருட்டினான். நாலு. மூச்சு விட்டான், நானும் விட்டேன்.

இப்படியே போயிற்று. வெளியே மற்ற அறைகளில் சிரிப்பும் கூச்சலும். இங்கே அப்படி இல்லை. இருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவோரம் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்களில் ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபோன் குரல் இவன்தானோ என்று எனக்குத் தோன்றியது. குரலைக் கேட்டுப் பார்க்கலாம் என்றால் அவன் வாய் திறக்கவே இல்லை.

நாலாவது நாள் தையல்காரி முறை. உருட்டினாள்.

ஒன்று.

அந்தப் பெண் சட்டென்று சிரித்தாள், பரீட்சையில் தோற்றால் சிரிப்போமே அப்படி. உடனே நிறுத்திக்கொண்டாள்.

"இல்ல" என்றான் டோர்கெல். "மறுபடி உருட்டட்டும். கேன்ல முட்டிச்சு."

"முட்டல" என்றார் நூலகர் மெதுவாக.

"முட்டிச்சுங்கறேன்! நான் பாத்தேன்! அது கணக்குல சேராது!"

எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் விழுந்தது. மேசையே ஆடியது. வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று நான் அவர்கள் பக்கம் ஓடினேன். சிக்ஸ்டன் வாசலிலிருந்து ஓடிவரும் சத்தம் கேட்டது. வில்டானா மட்டும் உட்கார்ந்தபடி, நிமிர்ந்து, அந்தப் பெரிய ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அன்னைக்கு இதையேதான் சொன்னேன்" என்றாள். "இது கணக்குல சேராதுன்னு. வாசல்ல நின்னு கத்தினேன்."

டோர்கெல் நின்றான். நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தான்.

"வீட்டுல தண்ணி இல்ல" என்றாள் வில்டானா. "அடுத்து யார் போறீங்க?"

நூலகரும் டோர்கெலும் ஒரே நேரத்தில் கேனைப் பிடித்தார்கள்.

அந்த இளக்காரப் பையனைத் திரும்பிப் பார்த்தேன். எப்போது போனான் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 11, ஈஸ்டர்

முடிந்ததும் டோர்கெல் மேசைகளையெல்லாம் திருப்பி அடுக்கிக் கொடுத்தான் என்பதை நேற்று எழுத விட்டுப்போயிற்று. அவனைப் பார்த்து பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த சிக்ஸ்டனும் அவனும் சேர்ந்து. ஒருவரையொருவர் பார்க்காமல்.

ஏப்ரல் 19

காலையில் சிக்ஸ்டன் கண் வீங்கிப்போய் வந்தான்.

"நேத்து வீட்டுல அண்ணன் தம்பிகளோட உக்காந்து ஆடினோம்."

"எதை?"

"அதைத்தான்."

"யார் போயிட்டாங்க?"

"கேக்காத."

அந்த வெள்ளை அரைப் பக்கத்தை எடுத்து, வந்த கடிதங்களிலிருந்து இரண்டைப் பொறுக்கி, அவனே அதில் ஒட்டினான். ஒன்று திட்டு. இன்னொன்று ஊமெயோவிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியது. "மூன்று வாரமாகிறது. என் தம்பியை அனுப்பிவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்தேன், வெறும் விளையாட்டில். இன்னமும் அவனுக்கு ஃபோன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

விளம்பரக் கடைக்காரர் திரும்ப வரவில்லை. சந்தா நிறுத்தியவர்களும் வரவில்லை. சிக்ஸ்டன் அச்சகத்துக்குக் கூப்பிட்டுப் பக்கங்களைக் குறைக்கச் சொன்னான். குரலில் வருத்தம் இருந்தது. கோபம் இல்லை.

மே 6

டோர்கெல் உதவிப் பொருள் லாரி ஓட்டிக்கொண்டு, போஸ்னியாவை ஒட்டிய ஸ்ப்ளிட் துறைமுகத்துக்குப் போகிறான். தானாகவே பெயர் கொடுத்திருக்கிறான். வில்டானா அவனிடம் தந்தது அவள் கதை வந்த 38-ஆம் இதழும், அவள் ஆங்கிலத்தில் எழுதிய மூலப்பிரதியும். மேலே சரயேவோ மாணவர் விடுதிப் பழைய நண்பன் ஃபாருக்கின் முகவரி.

"அம்மாவுக்குக் கடிதம் வைக்கலையா?" என்று கேட்டேன்.

"கடிதம்னா கை மாறுறப்ப எவனாவது பிரிச்சுப் பாப்பான், சந்தேகப்படுவான், தூக்கிப் போட்டுடுவான். இதை யார் என்ன பண்ணப் போறான்? விளையாட்டுதானே."

டோர்கெல் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான். "நகரத்துக்குள்ள என்னால போக முடியாது. போறவங்க கையில குடுக்கறேன். அதுக்கு மேல - " பாதியில் நிறுத்தினான்.

"தெரியும்" என்றாள்.

ஜூன் 2

நேற்று சரயேவோவில் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தது என்று செய்தியில் சொன்னார்கள். எந்தப் பாலம் என்று சொல்லவில்லை. அந்த நகரத்தில் எத்தனை பாலமோ.

ஜூன் 21, திங்கள்

மதியச் செய்தி. போஸ்னியாக்காரர்கள் இங்கேயே தங்கலாம் என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. முகாமுக்கு ஓடினேன். ஸ்ட்ராபெரி கேக் வாங்கிக்கொண்டு போனேன், முட்டாள்!

விடுதி முழுக்க ஆட்டம், பாட்டு, யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள். வில்டானா பின்பக்கம் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அறிவிப்பை முழுசாக் கேட்டியா?" என்றாள்.

நான் பாதிதான் கேட்டிருந்தேன்.

"ஏற்கெனவே உள்ள இருக்கறவங்க இருக்கலாம். இனிமே வர்றவங்களுக்கு விசா வேணும். அந்த ஊர்ல விசா எவன் குத்துவான்? எனக்குக் கதவைத் திறந்த அதே மூச்சுல அம்மாவுக்கு மூடிட்டாங்க."

கேக்கை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஸ்பூன்கூடக் கொண்டுபோகவில்லை நான். கடைசியில் அவள் விரலால் கிரீமை வழித்து, "புளிச்சுப்போயிருக்கு" என்றாள். பிறகு முழுவதையும் இரண்டு பேரும் தின்றோம்.

ஜூன் 25

நடுக்கோடை விழா. ஹெர்ரிங் மீன், உருளைக்கிழங்கு, மழை. வில்டானா வரவில்லை.

ஜூலை 20

டோர்கெல் திரும்பிவிட்டான். பத்து கிலோ குறைந்திருக்கிறான். நகரத்துக்குள் போகிற ஒரு டாக்டர் கையில் இதழைக் கொடுத்தானாம். அந்த டாக்டர் போய்ச் சேர்ந்தாரா, கொடுத்தாரா, முகவரியில் கட்டடமாவது இருக்கிறதா, எதுவும் தெரியாது. வில்டானா கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர் விளையாடுற ஆளா?"

"பாத்தா அப்படித் தெரியல" என்றான்.

செப்டம்பர் 2

வில்டானாவுக்கு ஊருக்குள் சின்ன வீடு கிடைத்துவிட்டது. மொழி வகுப்புக்குப் போகிறாள். விளையாட வருவதில்லை. எழுதவும் இல்லை. நான் கேட்டால், "என்கிட்ட இருந்த கதை அது ஒண்ணுதான்" என்கிறாள். ஒரே பேச்சு. அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் இருவரும் காபி ஊற்றிக்கொள்கிறோம்.

அக்டோபர் 14, வியாழன்

டோர்கெல் ஃபோன் செய்தான். "இருக்கீங்களா? அப்படியே இருங்க." வைத்துவிட்டான். கும்லாவிலிருந்து எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தான் என்று தெரியவில்லை. மேலே ஏறிவந்து, மூச்சிரைக்க, மடித்த ஒரு தாளை என் முன் வைத்தான். ஸ்ப்ளிட்டிலிருந்து வந்த இன்னொரு லாரிக்காரர் அவனிடம் கொடுத்திருக்கிறார்.

ஏதோ பரீட்சைத்தாளின் பின்பக்கம். ஆங்கிலம், பென்சில். மேலே: "ஆசிரியருக்கு, ‘கறுப்புப் பகடை’."

வாசகர் கடிதம்.

"ஐயா அல்லது அம்மா, உங்கள் 38-ஆம் இதழ் கிடைத்தது. ஸ்வீடிஷ் தெரியாததால் படங்கள் பார்த்தோம், நன்று. ‘பாலத்துக்கு அப்பால் தண்ணீர்’ விளையாடினோம். விதி எங்களுக்குப் பிடிக்கவில்லை. மாற்றிவிட்டோம். எங்கள் மேசையில் ஒன்று விழுந்தால், போனவர் தாமதமாக வருகிறார், எல்லோரும் சேர்ந்து அவரைத் திட்டுகிறோம். இப்படி ஆடினால் நன்றாக இருக்கிறது. உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவும். வியாழக்கிழமைகளில் ஐந்து பேர் ஆடுகிறோம். ஐந்தாவது ஆள் எழுத்தாளரின் தாயார் ஹாய்ரா அம்மாள். ஒவ்வொரு உருட்டுக்கும் சண்டை பிடிக்கிறார். அவர் சார்பில் ஒரு புகார்: கதையில் வரும் நாலாம் மாடி அம்மாள் அவ்வளவு பிடிவாதக்காரி இல்லையாம். எழுத்தாளர் திருத்திக்கொள்ள வேண்டுமாம். - ஃபாருக். செப்டம்பர் 16."

திரும்பப் படித்தேன். எழுத்து நீரில் தெரிவது மாதிரி ஆடியது. டோர்கெல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். சிக்ஸ்டன் வாங்கிப் படித்துவிட்டு, "கோட்டைப் போடு" என்றான். "லாரியில போலாம்."

மொழி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் கதவைத் திறந்துகொண்டு போய் நின்றதும் வில்டானா வெளுத்துப்போனாள். இப்படியா போய் நிற்பது, மூன்று பேர், பேசாமல்! சட்டென்று தாளை நீட்டினேன். "வாசகர் கடிதம்" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

நின்றபடியே படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் மேலே போய் மறுபடி படித்தாள். தேதியின் மேல் விரலை வைத்தாள். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது.

"பிடிவாதக்காரி இல்லையாமா?" என்றாள். குரல் உடைந்து மேலே போயிற்று. "பஸ் நின்னுக்கிட்டிருக்கு, டிரைவர் கத்துறான், நான் கையைப் பிடிச்சு இழுக்கறேன், ஏறமாட்டேன்னு நடுரோட்டுல நின்னாங்க. பிடிவாதக்காரி இல்லையாம்! மாத்தமாட்டேன். ஒரு வார்த்தை மாத்தமாட்டேன், இங்கெலா, சொல்லிட்டேன்."

சொல்லிக்கொண்டே மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டோர்கெல் தன் பெரிய கையை அவள் தோளில் வைக்கலாமா வேண்டாமா என்று காற்றில் வைத்துக்கொண்டே நின்றான்.

நவம்பர் 26

முதல் பனி. 43-ஆம் இதழ் அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. டோர்கெல் திங்கட்கிழமை ஒரு கட்டோடு மறுபடி ஸ்ப்ளிட்டுக்குக் கிளம்புகிறான். வாசகர் பக்கத்தில் ஃபாருக்கின் கடிதம்தான் முதலில். சிக்ஸ்டன் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான். பதில் எழுதச் சொன்னதும் வில்டானா நாலு நாள் என் எதிர் மேசையில் உட்கார்ந்து எழுதினாள், கிழித்தாள், எழுதினாள். அச்சுக்குப் போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம்தான் முடித்தாள் - அவள் மொழியில் ஒரு தரம், ஸ்வீடிஷில் ஒரு தரம்.

அச்சில் வந்திருப்பது இவ்வளவுதான்:

"நாலாம் மாடி வாசகிக்கு: உங்கள் புகாரை ஏற்க இயலாது. கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகவேண்டாம். மேற்கொண்டு வாதிட விரும்பினால் நேரில் வரவும். - ஆசிரியர் குழு."